அண்ணிக்குச் சீனி குடுங்க

1

என் அண்ணி புஷ்பம் தேயிலை மலையில் நாக்குக் குழறி உட்கார்ந்துபோய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அந்த நேரத்தில் நான் வெலிங்டன் நகரத்துப் பேருந்து ஒன்றில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். அதை எழுதிவிட வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது வேலை வந்துவிடும். இன்று வெளியே காற்று வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் அடிக்கிறது. மகள் நிலா காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அறைக்குள் இருக்கிறாள். இன்றைக்கு எழுதிவிடலாம்.

நான் சுகந்தி. பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறி மேலே வந்தால் கடைசித் தரிப்பிடத்துக்கு முந்தியது எங்கள் தோட்டம். அங்கே பிறந்து, அங்கேயே படித்து, பிறகு கொழும்பு, பிறகு இந்த நாடு. இங்கே மருத்துவ நிலையங்களுக்கான கணினி மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. காலையில் பேருந்து, மாலையில் பேருந்து, நடுவில் திரை. மலைகள் உண்டு. ஆனால் அவற்றில் யாரும் கொழுந்து எடுப்பதில்லை. வீடுகள்தான் முளைத்திருக்கின்றன.

2

எங்கள் அப்பாவுக்குச் சீனி வியாதி இருந்தது. அது வியாதி என்றே நாங்கள் நினைக்கவில்லை. பங்களாவில் இருப்பவர்களுக்கும் டவுன் முதலாளிகளுக்கும் வருவது அது, மலையில் வேலை செய்து வியர்வை சிந்துகிறவனுக்கு எப்படி வரும் என்று அப்பாவே சொல்லுவார். காலில் ஒரு கல் குத்தியது. ஆறவில்லை. மஞ்சள் வைத்தார்கள், இலை அரைத்துக் கட்டினார்கள். கடைசியில் தோட்டத்து லொறியில் ஏற்றி இரத்தினபுரிக்குக் கொண்டுபோனபோது கால் கறுத்துவிட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஒரு பை நிறைய மருந்து கொடுத்தார்கள். எதை எப்போது போடுவது என்று அங்கே சொன்னதெல்லாம் சிங்களத்தில். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கடையில் பேரம் பேசுவார், பஸ்ஸில் சண்டை போடுவார். ஆனால் மருந்துச் சிங்களம் அவருக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு காலோடு எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

பிறகு நான் இங்கே வந்து, வேலையில், மற்றவர்களுடைய சீனி அளவுகளையே நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "புஷ்பத்துக்கும் சீனி இருக்காம். கிளினிக்ல சொல்லிட்டாங்க," என்றான். சளி, தடிமன் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லும் அதே குரலில் சொன்னான். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். நான் செய்யத் தெரிந்த ஒன்றே ஒன்றை அண்ணிக்காகச் செய்வது என்று.

3

செயலி செய்வது கடினமான வேலை இல்லை. மீட்டரில் வரும் எண்ணை அழுத்தினால் அது சேமித்துக்கொள்ளும். மருந்து நேரத்தை ஞாபகப்படுத்தும். எண் கூடினாலோ குறைந்தாலோ சொல்லும். விரும்பினால் வீட்டில் ஒருவருக்கு அந்த எண்ணை அனுப்பி வைக்கும். அண்ணியின் எண்கள் எனக்கு வரும்படி வைத்தோம்.

கடினம் சொற்களில் இருந்தது. இணையத்தில் கிடைத்த தமிழ் மருத்துவச் சொற்களைப் பார்த்து, "இன்று உங்கள் சர்க்கரை எவ்வளவு?" என்று எழுதியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அண்ணியோடு சேர்ந்து ஏழெட்டுப் பெண்கள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். அண்ணியோடு கொழுந்து எடுக்கும் பக்கத்து வீட்டு லெச்சுமியக்கா அந்தக் கேள்விக்கு "கால் கிலோ" என்று பதில் அனுப்பியிருந்தார். நான் பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"என்னாக்கா கால் கிலோ?"

"நீதானே கேட்ட, சர்க்கரை எவ்வளவுன்னு. பொங்கலுக்கு வாங்குனது கால் கிலோ. ஏன், கூடவா?"

நம் ஊரில் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது. தேத்தண்ணிக்குப் போடுவது சீனி. இது எனக்குத் தெரியாதா? தெரியும். இத்தனை வருஷத்தில் வாய் மாறிப்போயிருந்தது. கேள்வியில் இருந்த சொல்லை உடனே மாற்றினேன். மற்ற இடங்களை அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்று விட்டுவைத்தேன்.

பலாங்கொடை டவுனில் ஒரு மருந்துக்கடையில் நஸ்ரினா என்ற பெண் வேலை செய்கிறாள். அண்ணிக்கு மீட்டரைப் பிடித்து எப்படிக் குத்துவது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். தமிழும் சிங்களமும் அவளுக்கு ஒரே வேகத்தில் வரும். அவளும் நான் அனுப்பிய இணைப்பில் செயலியைத் தன் போனில் இறக்கி, கடைக்கு வரும் தோட்டத்து ஆட்களுக்குக் காட்டத் தொடங்கினாள். ஏதோ ஒன்று உயிர் பிடிக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

4

அன்றைக்கு நிலாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறியிருந்தேன். இங்கே மாலை, அங்கே முற்பகல். நிலாவுக்குப் பதினான்கு வயது. பேருந்தில் நான் தமிழில் பேசினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டிலும் நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் கையை மட்டும் ஆட்டிவிட்டுக் காணாமல் போவாள். நான் வற்புறுத்துவதை நிறுத்தியிருந்தேன்.

போன் துடித்தது. அண்ணியின் எண் வந்திருந்தது. ஐம்பத்திரண்டு.

இங்கே சீனியை வேறு அலகில் அளக்கிறார்கள். ஐந்து, ஆறு, ஏழு என்று சின்ன எண்கள். ஊரில் நூறு, இருநூறு என்று போகும். அதனால் எனக்கு உறைக்க ஒரு நொடி எடுத்தது. ஐம்பத்திரண்டு என்றால் விழப்போகிறார் என்று அர்த்தம். உடனே கூப்பிட்டேன்.

"அண்ணி, நம்பர் பாத்தீங்களா?"

"பாத்தேனே!" அண்ணி சிரித்தார். சாதாரணமாகப் போனில் சிரிக்கிறவர் இல்லை. "கொறைஞ்சிருச்சி சொகந்தி. ஒன் ஆப்பே சொல்லுது, சர்க்கரை குறைவுன்னு. மாசா மாசம் அந்த மிஸ்ஸி 'சீனி வெடியி, சீனி வெடியி'ன்னு ஏசுவால்ல? நாளைக்கு என்னா சொல்றான்னு... என்னா சொல்... பாப்போம்."

வெடியி என்றால் சிங்களத்தில் கூடுதல். கிளினிக்கில் தாதி சொல்லிச் சொல்லி அண்ணிக்குச் சிங்களத்திலேயே பிடிக்காத சொல் அது.

"காலையில என்னா சாப்பிட்டீங்க?"

"ரொட்டி கட்டிக்கிட்டு வந்தேன். திங்கல. இன்னுங் கொஞ்சம் கொறையட்டும்னு... மாத்தர போட்டேன்..." சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று இடறின. பிறகு மறுபடியும் சிரிப்பு.

"லெச்சுமியக்கா பக்கத்துல இருக்காங்களா? அவங்க கையில போனக் குடுங்க. இப்ப குடுங்க."

லெச்சுமியக்காவின் குரல் வந்தது. "என்னா புள்ள?"

"அண்ணிக்கு வேர்க்குதா பாருங்க."

"தண்ணியா ஊத்துது. இந்தக் குளிருல. கையும் ஆடுது. காய்ச்சலா இருக்குமோ?"

"காய்ச்சல் இல்லக்கா. சீனி கொறைஞ்சிருச்சி. தேத்தண்ணி இருக்கா? சீனிய அள்ளிப் போட்டுக் குடுங்க."

"ஒனக்கென்னா கிறுக்கா?" என்றார் லெச்சுமியக்கா. "சீனி வியாதிக்காரிக்கு யாராச்சும் சீனி குடுப்பாங்களா? கண்ணாலயும் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் குடுக்க மாட்டேன்."

அப்போதுதான் கத்தத் தொடங்கினேன். சீனி குடுங்க, அண்ணிக்குச் சீனி குடுங்க, ஒரு வாயாவது குடுங்க. வேறு சொல் எதுவும் வரவில்லை. பேருந்தில் பேச்சு நின்றது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"நாளைக்கு ஒங்கண்ணன் வந்து என்னயக் கேட்டா?" லெச்சுமியக்கா இன்னும் அசையவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. எங்கப்பா மேல ஆணையா சொல்றேங்க்கா. குடுக்கலன்னா விழுந்துருவாங்க. குடுங்க!"

எங்கள் அப்பாவின் பெயருக்கு அந்த லயத்தில் இன்னும் ஒரு மதிப்பு உண்டு. அந்தப் பக்கம் சலசலப்புக் கேட்டது. யாரோ போத்தலைத் திறக்கிறார்கள். யாரோ, "தலையத் தூக்கிப் புடிடி," என்கிறார்கள். பிறகு போனை எங்கோ வைத்துவிட்டார்கள். காற்றுச் சத்தம் மட்டும்.

முன் இருக்கையில் இருந்த ஒரு வயதானவர் எழுந்து, எல்லாம் சரிதானா என்று கேட்டார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். நிலா பதில் சொன்னாள். ஆங்கிலத்தில்தான். "என் அத்தைக்கு உடம்பு சரியில்லை. இலங்கையில். அம்மா இங்கிருந்து உதவி செய்கிறாள்." அவள் வாயிலிருந்து "என் அத்தை" என்ற பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பிடம் போய்விட்டது. இரண்டு பேரும் இறங்கவில்லை.

பேருந்து கடைசித் தரிப்பிடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் அந்தக் குரல் வந்தது.

"என்னா சொகந்தி, ஏன் இந்தக் கத்து கத்துற? காது வலிக்குது."

அண்ணி. நாக்கு நேராகியிருந்தது. நான் அந்த இருக்கையிலேயே அழுதேன். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு, எங்களை அவசரப்படுத்தாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

5

அடுத்த நாள் செயலியை நிறுத்திவிடுவதென்று முடிவெடுத்தேன். அந்த எச்சரிக்கை வாசகத்தை வரி வரியாகப் பார்த்தேன். "உங்கள் சர்க்கரை குறைவாக உள்ளது. உரிய நடவடிக்கை எடுக்கவும்." இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கூடுதல் கூடுதல் என்று கேட்டுக் கேட்டு அலுத்த ஒருத்திக்கு அது பாராட்டுப் பத்திரம் மாதிரி இருந்திருக்கிறது.

அண்ணி கிளினிக் போய்விட்டு வந்து கூப்பிட்டார். டாக்டரிடம் தானே நடந்ததைச் சிங்களத்தில் சொன்னாராம். போனைக் காட்டி எண்ணையும் காட்டினாராம். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்து, சாப்பிடாமல் மாத்திரை போடவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஆப்ப நிப்பாட்டப் போறேன் அண்ணி," என்றேன்.

"நிப்பாட்டிட்டு?"

"இல்ல, இப்பிடி ஆயிருச்சே..."

"நிப்பாட்டிட்டு என்னா செய்வ? பழையபடி எப்ப விழுவோம்னு பாத்துக்கிட்டு இருக்கவா நாங்க? நேத்து அந்த நம்பர் ஒனக்கு வரலன்னா, கொழுந்துக் கூடையோட நான் அந்தக் கான் பள்ளத்துல கெடந்திருப்பேன். சொல்றத ஒழுங்கா சொல்ற மாதிரி செய். நிப்பாட்டாத."

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் எல்லாரும் சேர்ந்தோம். அண்ணி, லெச்சுமியக்கா, இன்னும் சில பெண்கள் லயத்தில். நஸ்ரினா கடையிலிருந்து. எண் குறைந்தால் போன் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் பேச்சு. லெச்சுமியக்கா, ஆபத்து என்று சொல்லட்டும் என்றார். ஆபத்து என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பயந்து ஓடிவிடுவார்கள் என்றார் அண்ணி. ஒருத்தி சைரன் வைக்கச் சொன்னாள். தோட்டத்துத் தொழிற்சாலைச் சங்கு என்று நினைத்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று இன்னொருத்தி சொல்ல, கொஞ்ச நேரம் சிரிப்பிலேயே போனது. நஸ்ரினா மருந்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் மறுபடியும் குத்திப் பார்க்க வேண்டும் என்று படித்தாள்.

எனக்கு அந்தப் பேருந்திலேயே ஒன்று தெரிந்துபோயிருந்தது. சீனி குறைந்தவளிடம் மட்டும் பேசிப் பயனில்லை. அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவரிடமும் பேச வேண்டும். சீனி வியாதிக்காரிக்குச் சீனி கொடுக்கப் பயப்படுகிற ஒருத்தர் நம்புகிற மாதிரிப் பேச வேண்டும். எழுத்து போதாது, குரல் வேண்டும். யாருடைய குரல் என்று கேட்டபோது எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

அண்ணி மூன்று நாள் மறுத்தார். பிறகு கதவை மூடிக்கொண்டு, போனில் பேசி அனுப்பினார்.

"கையில உள்ளத வச்சிட்டு ஒக்காருங்க. சீனி ரொம்பக் கொறைஞ்சிருச்சி. பக்கத்துல இருக்கிறவங்களே, பயப்படாதீங்க, இப்ப சீனி குடுக்கத்தான் வேணும். சீனி போட்ட தேத்தண்ணி குடுங்க. டாக்டர்மாரே சொன்னதுதான்."

மருந்து நேரத்தை ஞாபகப்படுத்தும் வாசகத்தையும் அண்ணியே பேசி அனுப்பினார். இரண்டையும் நஸ்ரினா சிங்களத்திலும் பேசினாள். எங்கள் ஊரில் பக்கத்தில் இருப்பவர் தமிழராகவும் இருக்கலாம், சிங்களவராகவும் இருக்கலாம்.

பின்னால் கேட்ட சேவல் சத்தத்தையும் குழாய்ச் சத்தத்தையும் எடுத்துவிட வேண்டியிருந்தது. அந்த வேலை எனக்கு வராது. நிலா பள்ளிக்கூடத்தில் ஒலித்தொகுப்புப் படிக்கிறாள். வேறு வழியின்றி அவளிடம் கொடுத்தேன். ஒரு வாரம் அவள் அறையிலிருந்து அண்ணியின் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒக்காருங்க. ஒக்காருங்க. ஒக்காருங்க. ஒரு நாள் நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டபோது, நிலா நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க," என்றாள். அசல் பலாங்கொடை உச்சரிப்பு.

6

அலுவலகங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

செயலியை எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையக் கடையில் வெளியிட விண்ணப்பித்தேன். பரிசீலித்தவர்கள் நிராகரித்தார்கள். காரணம், சீனி நோயாளிகளைச் சீனி உட்கொள்ளச் சொல்கிறது, இது தீங்கு விளைவிக்கலாம். லெச்சுமியக்காவிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, நான் கேட்டதத்தானே அவங்களும் கேக்குறாங்க," என்றார், பெரிய வெற்றியோடு. இங்கே நான் வேலை செய்யும் இடத்து மருத்துவர் ஒருவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார். மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கேள்வி. ஒருவழியாக வெளியிட விட்டார்கள்.

தோட்டத்து ஆட்களுக்குச் செயலியைக் கொடுக்கக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அனுமதி கேட்டபோது, தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் கேட்டால், கொழும்பு அனுமதித்தால் எங்களுக்குச் சம்மதம் என்றார்கள். நான் இரண்டு பக்கமும் மின்னஞ்சல் அனுப்பிக் களைத்தேன். கடைசியில் பிரதேசத்துச் சுகாதார அதிகாரி ஒருவர், சிங்களவர், நஸ்ரினாவின் கடையில் செயலியைத் தற்செயலாகப் பார்த்து, தன் அம்மாவின் போனில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கோப்பு தானாக நகர்ந்தது. இப்படித்தான் நடக்க வேண்டுமா என்று கோபம் வந்தது உண்மை. நகர்ந்ததே என்ற நிம்மதி அதைவிடப் பெரியது.

இப்போது மலையில் பெண்கள் வேலை தொடங்கி முதல் தேத்தண்ணிக்கு உட்காரும்போது ரொட்டியையும் சாப்பிடுகிறார்கள். மேற்பார்வை செய்பவர் முதலில் முணுமுணுத்தார். லெச்சுமியக்கா அவரைக் கூப்பிட்டு, அண்ணியின் குரலைப் போட்டுக் காட்டினார். அவருக்கும் சீனி இருக்கிறதாம். அவரும் உட்கார்ந்தார்.

7

சென்ற டிசம்பர் விடுமுறைக்கு நிலாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். வருகிறாயா என்று கேட்டபோது அவள் தோளைக் குலுக்கினாள். எங்கள் வீட்டில் அது சம்மதம்.

அண்ணி எங்களை அழைக்கப் பலாங்கொடை டவுனுக்கு வந்திருந்தார். மேலே போகும் பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். நிலாவுக்கும் எனக்கும் முன்னால் ஓர் இருக்கையில் அண்ணி. அவருக்கும் முன்னால், வேறு ஏதோ தோட்டத்து அம்மா ஒருவர், மடியில் கிளினிக் மருந்துப் பையோடு. பஸ் நகரவில்லை. ஓட்டுநர் எங்கோ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் பைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மாத்தரைக்கு நேரமாச்சு. மொதல்ல சாப்பிடுங்க, அப்பறம் மாத்தர."

அண்ணியின் முதுகு நேரானது.

அந்த அம்மா போனை எடுத்து அமுக்கினார். "இவ ஒருத்தி. பஸ்சுக்குள்ளயும் விட மாட்டேங்கிறா. வீட்டுல போய் சாப்பிட மாட்டேனா நான்?"

கொஞ்ச நேரத்தில் குரல் மறுபடியும் வந்தது. மறுபடியும் அமுக்கினார். "வாய மூடு சனியனே."

என்னால் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து, அந்த அம்மாவின் தோளைத் தொட்டார்.

"சாப்பிடுங்கக்கா. பஸ் போய்ச் சேர நேரமாகும். வெறும் வயித்தோட இருக்காதீங்க."

அந்த அம்மா திரும்பினார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். "ஒங்க கொரலு..."

"எங்கொரலுதான்."

"அடியாத்தி!" அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஒங்களயா நான் தெனமும் ஏசிக்கிட்டு இருக்கேன்?"

"ஏசுங்க," என்றார் அண்ணி. "ஏசிக்கிட்டே சாப்பிடுங்க."

அந்த அம்மா பையைத் திறந்து, பனிஸ் ஒன்றை எடுத்து, பிய்த்து வாயில் போட்டார். மென்றுகொண்டே அண்ணியிடம் எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்கத் தொடங்கினார். ஓட்டுநர் வந்து ஏறினார். பஸ் முதல் வளைவில் திரும்பியபோது நிலா என் காதருகே வந்தாள்.

"அம்மா, ஏசுறதுன்னா என்ன?"

தமிழில் கேட்டாள். திட்டுவது என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். உதட்டுக்குள் அந்தச் சொல்லை ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி, உரக்கச் சொன்னாள்:

"அத்தை, எங்கம்மாவும் என்னய தெனமும் ஏசுறாங்க."